பதிவேட்டில் ஏறாத தோள்வலி

காரில் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவர்கள் இருக்கைப் பட்டியை எந்தக் கையால் இழுக்கிறார்கள் என்று இன்றைக்கும் கவனிப்பேன். கணவர், பிள்ளைகள், வழியில் ஏற்றிக்கொள்ளும் தோழிகள், யாராக இருந்தாலும் சரி. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் இடக்கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பட்டியைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொள்வார்கள். என்னோடு தினமும் காரில் வேலைக்கு வந்த அன்ரியும் முதலில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் உடம்பை முழுசாக ஜன்னல் பக்கம் திருப்பி, வலக்கையைக் குறுக்கே நீட்டிப் பட்டியை எடுத்தார். சில வாரங்களில் அதுவும் சிரமமாகிவிட்டது. அவர் ஏறியதும் நானே அவர் பக்கம் சாய்ந்து பட்டியை இழுத்து மாட்டிவிட ஆரம்பித்தேன். "குழந்தைப் பிள்ளைக்கு மாட்டுற மாதிரி மாட்டுறீர்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். வேலையிடத்தில் தொழிலாளர்களுக்கு ஏற்படும் காயங்களை ஒன்று விடாமல் பதிவு செய்வதுதான் எனக்கு உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்குப் போகிற வழியில்தான் தினமும் இது நடந்தது.

நாங்கள் வேலை செய்தது சிட்னியின் மேற்குப் பகுதியில் ஒரு பெரிய ரொட்டி ஆலையில். பேரைச் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் சாதாரணமாக ஒரு தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் ஒன்று வந்து சிகிச்சையையும் மற்றதையும் பார்த்துக்கொள்ளும். மிகப் பெரிய நிறுவனங்கள் சில, எங்கள் ஆட்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அரசிடம் உரிமம் வாங்கி வைத்திருக்கும். சுயகாப்பீடு என்பார்கள். அதாவது, அடிபட்டதும் எங்கள் ஆலையில், அது உண்மையா என்று விசாரிப்பதும் நாங்கள், சிகிச்சைக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் நாங்கள். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை அதிகாரம் இருந்தால் வெளியாள் யாராவது எட்டிப் பார்க்க வேண்டாமா? அதற்காக அரசு அலுவலர்கள் அவ்வப்போது வந்து எங்கள் கோப்புகளைத் தணிக்கை செய்வார்கள். காயம் என்றைக்குப் பட்டது, யாரிடம் என்றைக்குச் சொன்னார், எத்தனை நாளில் பதிவேட்டில் ஏறியது, எத்தனை நாளில் முடிவு தெரிவித்தோம், எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்க வேண்டும். பதிவேட்டில் ஏறாத காயம் நடக்காத காயம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த நாற்காலியில் ஒரு வருடம் உட்கார்ந்தால் தானாகவே மண்டையில் ஏறிவிடும்.

அந்தக் கோப்புகளுக்கு நான்தான் பொறுப்பு. திருச்சியில் படித்து, கல்யாணமாகி சிட்னியில் நார்த்மீட்டுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, ஐந்தாறு இடங்களில் தற்காலிகமாக வேலை பார்த்த பிறகு நிலையாகக் கிடைத்த இடம் அது. கண்ணும் கருத்துமாகச் செய்தேன். வீட்டில் மசாலா டப்பாக்களுக்கே தேதி எழுதி ஒட்டுகிறவள் நான். "விட்டா நம்மளையும் வரிசையா அடுக்கி லேபிள் ஒட்டிடுவா" என்று என் கணவர் பிள்ளைகளிடம் சொல்வார். இந்தக் குணத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பின்னால் நடந்ததை ஒழுங்கில்லாத ஒருத்தி செய்த பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒழுங்கைக் காப்பாற்றப் போய்த்தான் அதைச் செய்தேன்.

அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். பொதிகட்டும் பிரிவில் வேலை. ஆலையில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அவர் அன்ரி என்பதால் எனக்கும் அன்ரியானார். நான் முதலில் என் ஊர் வழக்கப்படி 'ஆன்ட்டி' என்று இழுத்ததை அவர் கேலி செய்து கேலி செய்தே மாற்றிவிட்டார். மெரிலேண்ட்ஸில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் மெல்பேர்னில் குடும்பத்தோடு இருந்தான், அவனைத் தம்பி என்றுதான் சொல்வார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பள்ளி விடுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் நானும் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்புவேன். மெரிலேண்ட்ஸ் எனக்கு வழியில் இருந்தது. அப்படித்தான் அவர் என் காரில் ஏற ஆரம்பித்தார். இரண்டு வருடம் ஒன்றாகப் போய்வந்தோம். நான் பேசுவது சினிமாவில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்பார். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை என்று நான் பொய் சொல்வேன். வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லாத சில விஷயங்களை அந்த அரைமணி நேரத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய ஞாபகசக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பிள்ளைகள் இருவரின் பிறந்தநாள், நட்சத்திரம், சின்னவளுக்கு எந்த மாதம் அம்மை போட்டது என்பதுவரை அவருக்குத் தெரியும். யார் எந்தக் கிழமை வேலையில் சேர்ந்தார்கள், எந்த சூப்பர்வைசர் எந்தக் கிழமை யாரைத் திட்டினார் என்று நேற்று நடந்ததுபோலச் சொல்வார். ஒரு தடவை பழைய கோப்பு ஒன்றில் ஒரு தேதி அழிந்துபோயிருந்தது. பேச்சுவாக்கில் காரில் சொன்னேன். "அண்டைக்கு மெஷின் நிண்டு எல்லாரும் வெளியில வெய்யிலுக்க நிண்டனாங்கள், வியாழக்கிழமை" என்றார். தேடிப் பார்த்தால் வியாழக்கிழமையேதான்.

ரொட்டி ஆலையில் பார்ப்பதற்கு எல்லாமே லேசாகத் தெரியும். ரொட்டியில் என்ன கனம் இருக்கப்போகிறது? ஆனால் அதை அடுக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் கனம். வலப்பக்கத்திலிருந்து வரும் தட்டை ஏந்தி இடப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மேல் தட்டுகள் அன்ரியின் தலைக்கு மேலே போகும். குள்ளமான உருவம் அவருக்கு. குதிகாலை எக்கி, இடக்கையை முதலில் மேலே கொண்டுபோய்த் தள்ளுவார். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஆள் குறைந்த நாட்களில் அந்தக் காகிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் பட்டியை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தபோது அன்ரி சிரிக்கவில்லை. ரயில் பாலம் தாண்டும்வரை இடத்தோளைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகுதான் சொன்னார். "பிள்ளை, இந்தத் தோள் என்னால ஏலாமல் கிடக்கு. போன கிழமை முழுக்க ஆள் மாத்தாமல் அந்த மேல் தட்டுகளை அடுக்கினனான். வெள்ளிக்கிழமை கடைசித் தட்டைத் தள்ளேக்க உள்ளுக்குள்ள சுளீர் எண்டுது. இரவில படுக்கேலாது." சூப்பர்வைசரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த ஆளிடம் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தால் தனக்கு வாய் குழறுகிறது என்றார். "உம்மட்டச் சொன்னால் நீர் பதிஞ்சு விடுவீர்தானே? உம்மட வேலை அதுதானே?"

"கண்டிப்பா அன்ரி. இன்னைக்கே ரிஜிஸ்டர்ல ஏத்திடறேன்" என்றேன்.

"அப்ப நான் வேற ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லையோ?"

"தேவையே இல்ல. எங்கிட்டச் சொன்னாலே ஆபீஸ்ல சொன்ன மாதிரிதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எவ்வளவு பெருமையோடு சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அலுவலகத்தில் நான் பேசும் ஆங்கிலத்தை யாராவது திரும்பக் கேட்காத நாள் கிடையாது. அங்கே நான் ஒரு மூலையில் கோப்பு அடுக்குகிறவள். காரில், தமிழில், நானே ஆபீஸ். அன்ரி பெரிய பாரம் இறங்கியதுபோல இருக்கையில் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. எதற்காகச் சொல்ல வேண்டும்? வீட்டுப் பெண்போல ஒருத்தி, அதற்கென்றே இருக்கிறவள், வாயால் சொல்லிவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் தணிக்கை வரவிருந்தது. உரிமம் புதுப்பிக்கும் சமயம் என்பதால் மேலாளர் முதல் காவலாளி வரை பரபரப்பு. காயம் பற்றித் தெரிந்த உடனே பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. செவ்வாய் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஒரு அவசரக் கூட்டம். புதன்கிழமை இரண்டு பெட்டிப் பழைய கோப்புகள் வந்து இறங்கின. வெள்ளிக்கிழமை பதிவேட்டைத் திறந்து, அன்ரியின் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். காயம் பட்ட நாளுக்கும் எழுதும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம் ஓடியிருந்தது. ஏன் தாமதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவது? தொழிலாளி சொன்ன பிறகு பதிவு அலுவலரே மூன்று நாள் சும்மா இருந்தார் என்றா? கறைபடாத என் பதிவேட்டில், தணிக்கைக்கு முந்தைய வாரத்தில், என் கையாலேயே ஒரு ஓட்டையா? தணிக்கை முடியட்டும், அதற்கடுத்த வாரம் புதிதாகச் சொன்னதுபோல ஏற்றிக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன்.

மறந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. தணிக்கை முடிந்தது, எங்கள் பதிவுகளைப் பாராட்டி அறிக்கை வந்தது, மேலாளர் கேக் வாங்கி வந்து என்னை வெட்டச் சொன்னார். அந்த மகிழ்ச்சியில் ஒரு வாரம் போனது. அதற்குள் அன்ரி ஏதோ தைலம் தடவி, தெரிந்த ஒருவர் சொன்ன பயிற்சியைச் செய்து, வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் எழுதினீரா என்று ஒருதடவைகூடக் கேட்கவில்லை. கேட்பது என்னைச் சந்தேகப்படுவதுபோல ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். நான் காரில் தொடர்ந்து பட்டியை மாட்டிவிட்டேன். அடுத்த சில மாதங்களில் அவருக்கு மதிய ஷிஃப்ட் மாறியது, வேறொருவருடைய வண்டியில் போக ஆரம்பித்தார். எங்கள் சந்திப்பு சாப்பாட்டு அறையில் ஒரு சிரிப்பு, ஒரு "சுகமோ" என்று சுருங்கிப்போனது.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெரிலேண்ட்ஸ் வீட்டில், மேல் அலமாரியிலிருந்து இடியப்பத் தட்டை எடுக்க அன்ரி கையைத் தூக்கியிருக்கிறார். தோளுக்குள் ஏதோ அறுந்தது. தசைநார் முழுதாகக் கிழிந்துவிட்டது, ஏற்கெனவே பல நாளாக நைந்துபோயிருந்ததுதான் இப்போது அறுந்திருக்கிறது, சீக்கிரம் அறுவை செய்து தைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு அன்ரியின் கோரிக்கை எங்கள் பிரிவுக்கு வந்தது. எங்கே நடந்தது என்ற கேள்விக்கு, வீட்டில் குசினியில், அதாவது சமையலறையில், என்று எழுதியிருந்தார். கொஞ்சம் சாமர்த்தியம் உள்ளவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் தட்டைத் தூக்கும்போது அறுந்தது என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்னவர்களின் கோப்புகளையும் நான் பார்த்திருக்கிறேன். அன்ரிக்கு அது வரவில்லை. நடந்தது வீட்டில், ஆனால் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு ஆலையில் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் அதைச் சொன்னாரா, சொன்னதற்குப் பதிவு உண்டா? தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்து அன்ரியிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அந்த நான்கு பக்கங்கள் கோப்பில் சேர்ப்பதற்காக என் மேஜைக்கு வந்தன. மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. என் பெயர் அங்கே இருக்கும், இதோ முடிந்தது என்று நினைத்தேன். இருக்கவில்லை. "அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் சொன்னேன். யார் என்று எனக்கு நினைவில்லை" என்று இருந்தது. ஆணா பெண்ணா என்று கேட்டிருக்கிறார்கள். அதுவும் நினைவில்லை என்றிருக்கிறார்.

என் சின்ன மகளுக்கு எந்த மாதம் அம்மை போட்டது என்று தெரிந்தவர். மெஷின் நின்ற வியாழக்கிழமையைச் சொன்னவர். அவருக்கு நினைவில்லையாம். அந்தச் சமயத்தில் என் கணவர் எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்தார். அது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், அன்ரிக்கும் தெரியும்.

அன்று மதியம் மேலாளர் என் மேஜைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல, அன்ரியின்மேல் அவருக்கு விரோதமும் இல்லை. இந்த அம்மா சொல்வதற்கு ஏதாவது ஆதாரம் கிடைத்தால் நல்லதுதான், நன்றாகத் தேடிப் பாருங்கள் என்றே சொன்னார். நான் தேடினேன். இல்லை என்று எனக்குத் தெரிந்த ஒன்றை இரண்டு நாள் தேடினேன். பிறகு, குறிப்பிட்ட காலத்துக்குரிய பதிவேடுகளை முழுமையாகப் பரிசோதித்ததில் அப்படி எந்தத் தகவலும் பதிவாகவில்லை என்ற சான்றில் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கோரிக்கை மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தில், தொழிலாளியின் கூற்று நிறுவனப் பதிவுகளோடு பொருந்தவில்லை, நம்பத்தக்கதாக இல்லை என்று ஒரு வரி உண்டு. எல்லா மறுப்புக் கடிதங்களிலும் வருகிற வரிதான். அதன் நகலையும் நானே கோப்பில் சேர்த்தேன். மேல்முறையீடு செய்ய வழி இருந்தும் அன்ரி செய்யவில்லை. அரசு மருத்துவமனையில் அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தார். வேலைக்குப் போக முடியாததால், சில மாதங்களில் வீட்டைக் காலி செய்துகொண்டு மெல்பேர்னுக்கு மகனிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே புது வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும். போவதற்கு முன் ஒருதடவை அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மெரிலேண்ட்ஸ் பக்கம் மீன் வாங்கப் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன். எங்காவது வழியில் எதிர்ப்பட்டு, "சுகமோ பிள்ளை" என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

அதற்கு மறுவருடம் உறவினர் கல்யாணத்துக்காக மெல்பேர்ன் போனோம். மறுநாள் த பேசின் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். மலையடிவாரம், நல்ல குளிர். தீபாராதனை காட்டும்போது எல்லோரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி, ஒற்றைக் கை மட்டும் மேலே எழுந்து நின்றது. மற்றது நெஞ்சுவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. பின்னாலிருந்து முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் குள்ள உருவத்தை எனக்குத் தெரியாதா? திரும்பி வெளியே போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவரே திரும்பிப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் மலர வந்து வலக்கையால் என் கன்னத்தைத் தொட்டார். பக்கத்தில் நின்ற மருமகளிடம், "இவாதான் எங்கட கொம்பனியில ஒபீசில இருந்தவா. எத்தினை நாள் என்னைக் காரில ஏத்தி இறக்கினவா தெரியுமோ" என்று அறிமுகம் செய்தார். மருமகள் பிரசாதம் வாங்கப் போனதும் நான் கேட்டேன். "ஏன் அன்ரி எம் பேரைச் சொல்லல?" அவர் மருமகள் போன பக்கம் ஒருதடவை பார்த்துக்கொண்டார். "சொல்லி? உமக்கு ரெண்டு குழந்தையள். உம்மட மனிசனுக்கும் அப்ப வேலை இல்லை. என்ர ஒரு தோள்தானே பிள்ளை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பிக்குத்தான் என்னில கோவம். பேர் தெரியாத ஆளுக்குச் சொன்னனீங்களோ அம்மா, வீட்டில நடந்ததைக் கொம்பனியில போடப் பாத்தனீங்களோ எண்டு கேக்கிறான். வெளியாக்கள் நினைச்சால் நினைக்கட்டும். இவன் அப்பிடி நினைக்கிறதுதான்..." என்று நிறுத்திக்கொண்டார். மருமகள் சர்க்கரைப் பொங்கலோடு வந்துவிட்டாள்.

தோளைப் பற்றி நான் ஏதோ கற்பனை செய்துவைத்திருந்தேன். வலி இருக்கும், மருந்து சாப்பிடுவார், ஒருநாள் அறுவை நடந்து சரியாகிவிடும் என்று. அவருக்குப் போனது அது மட்டுமில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பெற்ற மகன் தன்னைப் பொய்க்காரியாக நினைக்கிற வீட்டில், அவன் போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். அவர் வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். மகனிடம்கூடச் சொல்லவில்லை.

சிட்னி திரும்பிய மறுநாள் மேலாளர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார், எழுதித் தந்தேன். செவ்வாய்க்கிழமை, ரயில் பாலம், வெள்ளிக்கிழமை பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தது, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. விசாரணை நடந்தது. கடைசியில் எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒரு எச்சரிக்கைக் கடிதம். கோப்புகளிலிருந்து எடுத்துவிட்டு, சீருடையும் பாதுகாப்புக் காலணியும் வாங்கிக் கொடுக்கும் பிரிவில் போட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். இவ்வளவுதான். இந்த எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அன்ரி அத்தனையையும் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு நேர்ந்திருக்கக்கூடியதும் இதே கடிதம்தான். இதை நினைக்கும்போது எனக்கு என்மேல் வருகிற கோபத்தை என்ன செய்வது என்று தெரிவதில்லை.

அன்ரியின் கோரிக்கையைத் திரும்ப எடுத்துப் பரிசீலிக்கச் சில மாதங்கள் பிடித்தன. அதற்கிடையில் மெல்பேர்னில் அறுவை மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, கிழிந்த தசைநார் சுருங்கி உள்ளே போய்விட்டது, தைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார். முன்பே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாராம்.

ஒரு மாலை அன்ரியிடமிருந்து போன் வந்தது. கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, மகன் இன்னும் வேலை முடிந்து வரவில்லை, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், நீர் வாசித்துச் சொல்லும் என்றார். கோயிலில் பார்த்த பிறகு நாங்கள் பேசியிருக்கவில்லை. நான் மேலாளரிடம் சொன்னது அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தற்போது அளித்துள்ள வாக்குமூலத்தின்படி, தாங்கள் காயத்தைப் பற்றி அப்போதே தெரிவித்தது உறுதியாகிறது, தங்கள் கூற்று உண்மையென்று ஏற்றுக்கொள்கிறோம் என்று முதல் பத்தி. அறுவை சிகிச்சைக்கான செலவை நிறுவனம் ஏற்கும் என்று இரண்டாம் பத்தி. தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். பிறகு, "அந்த முதலாவதை ஒருக்காத் திருப்பி வாசியும்" என்றார் அன்ரி. வாசித்தேன். இரண்டாம் பத்தியைத் திருப்பி வாசிக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "தம்பி வந்திட்டான். பொறும், ஸ்பீக்கரில போடுறன். அவனுக்கும் ஒருக்கா வாசியும்." அவன் ஆங்கிலம் படித்தவன், கடிதத்தை அவன் கையில் கொடுத்தால் போதும். ஆனால் அன்ரிக்கு அது காதில் விழ வேண்டியிருந்தது, அவன் காதில் விழுவதைத் தான் பார்க்கவும் வேண்டியிருந்தது. நான்காம் தடவை வாசித்தேன். தங்கள் கூற்று உண்மையென்று ஏற்றுக்கொள்கிறோம். ஒரு ஆண் குரல், "ஹூ வாஸ் இட்? ஆருக்கு அம்மா சொன்னவா?" என்று கேட்டது.

"அதெல்லாம் இப்ப என்னத்துக்குத் தம்பி, போனைத் தா" என்று அன்ரி அவசரமாகக் குறுக்கே விழுந்தார். அப்போதும் என்னை மறைக்கத்தான் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். "அம்மா எங்கிட்டதான் சொன்னாங்க. கார்ல வச்சு. எழுதறேன்னு சொல்லிட்டு நான்தான் எழுதல."

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மா" என்று மட்டும் ஒருதடவை கூப்பிட்டான், பிறகு அதே சொல்லை இன்னொருதடவை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அன்ரி போனைக் காதில் வைத்துக்கொண்டார். அவர் பேச்சு வழக்கம்போலத்தான் இருந்தது.

"சரி பிள்ளை, வைக்கிறன். இவன் இன்னும் சாப்பிடேல்லை. ஒரு கையால போட்டுக் குடுக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்."